கிராஸ் போனால் கிராஸை மட்டும் கொடுங்கள்

ஏற்காடு மலையில் எங்கள் ஊரான செம்மநத்தத்தில் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு உதிரி பாகம் வேண்டுமென்றால் சேலம்தான். நடுவில் ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள். காப்பி மூட்டையும் மிளகு மூட்டையுமாக ஏறி இறங்கும் என் பழைய மஹிந்திராவில் இன்ஜினைவிட முந்தித் தேய்வது, சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கடத்தும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ், அதாவது சிலுவை வடிவ மூட்டு. ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றிக் கிளட்சை விடும்போது அடியில் 'டக்' என்று கேட்டால் குனிந்து பாருங்கள். கப் ஓரத்தில் செம்பழுப்பாகத் துருப்பொடி படிந்திருந்தால், உள்ளே கிரீஸ் வற்றி ஊசி ரோலர்கள் அரைபட்டிருக்கும்.

இதை வீட்டு வாசலிலேயே மாற்றிவிடுகிறேன். எங்கள் ஊரில் வாசலே சரிவு என்பதுதான் சிக்கல். ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் கியரில் போட்டு நிறுத்தியும் பயனில்லை. சில பழைய மாடல்களில் ஹேண்ட் பிரேக் டிரம்மே அந்த ஷாஃப்டின் தலைமாட்டில் இருப்பதால் அதுவும் கைவிட்டுவிடும். சக்கரங்களுக்குப் பெரிய கல்லாக அண்டக் கொடுக்காமல் அடியில் படுப்பவரிடம் எனக்குப் பேச்சே இல்லை. கழற்றுமுன் ஷாஃப்டிலும் ஃபிளாஞ்சிலும் சாக்பீஸ் கோடு போட்டு, பழைய வாட்டத்திலேயே திரும்ப மாட்ட வேண்டும். மாறினால் வண்டி அதிரும். கப்பைப் பிடித்திருக்கும் லாக்கை எடுத்துவிட்டு, வைஸில் இரண்டு சாக்கெட்டுகளுக்கு நடுவே வைத்து நெருக்கினால் பழைய கப் நகர்ந்து வரும். புதியதை ஏற்றும்போது ஓர் ஊசி கப்புக்குள் சரிந்தாலும் லாக் பள்ளத்தில் உட்காராது. அப்போது சுத்தியலைத் தேடக் கூடாது. கப்பை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

கடையில் கிராஸ் தனியாகக் கிடைப்பதால்தான் இத்தனையும் நடக்கிறது. எல்லாப் பாகத்துக்கும் இப்படி இல்லை. முன்சக்கரம் இழுக்கும் காரில் ஆக்சில் மூட்டை மூடும் ரப்பர் பூட் கிழிந்தால், உடனே கவனித்தால் புது பூட்டும் கிரீஸுமே போதும். ஆனால், ஆக்சிலையே முழுசாக மாற்றச் சொல்லும் இடங்கள் உண்டு. எனக்கும் அப்படி ஒரு பில் நீட்டப்பட்டது.

உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கத் தேவையான தகவல்களையும் வெளிச்சந்தைக்குத் தாராளமாகத் தராததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் வந்தது. சட்டம்தான் வரவில்லை.

15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. சரி, கட்டுகிறோம். பழைய வண்டிக்குக் கூடுதல் கட்டணம் கேட்கிற அரசு, தனியாகக் கழலும் பாகத்தைத் தனியாகவே விற்க வேண்டும், அதன் எண்ணையும் விலையையும் வெளியிட வேண்டும் என்று நிறுவனங்களிடமும் கேட்கட்டும். மறுத்தால் யாரிடம் புகார் கொடுப்பது, எத்தனை நாளில் பதில் வரும் என்பதும் இன்னும் வராத அந்தப் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்திலேயே இருக்க வேண்டும்.