நூறு டிக்கெட்

எங்கள் பேகம்பூரின் பெயரிலேயே ஒரு மரணம் இருக்கிறது. ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிஸா பேகம் இங்கே அடக்கமானதால்தான் இந்தப் பெயர் என்று திண்டுக்கல்லில் பெரியவர்கள் சொல்வார்கள். ஊருக்கே பெயர் வைக்க ஹைதர் அலியால் முடியும். நமக்கு ஃப்ளெக்ஸ் போர்டுதான். கண்ணீர் அஞ்சலி போர்டுகளைப் பார்த்திருப்பீர்கள். இறந்தவர் தபால்தலை சைஸில் இருப்பார். அஞ்சலி செலுத்துகிறவர்கள் கூலிங்கிளாஸோடு ஆளுயரத்துக்கு நிற்பார்கள்.

இன்னும் சிலர் ஃபேன் வாங்கிக் கொடுப்பார்கள். மூன்று இறக்கையிலும் 'நினைவாக' என்று பெயிண்டில் எழுதியிருக்கும். கரண்ட் போனால்தான் யார் நினைவாக என்று தெரியும்.

தோல் ஷாப்பில் கணக்கு எழுதும் என் நண்பரின் அம்மா கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். வருஷ நாள் நெருங்கும்போது, நாலு பேரிடம் வசூல் பண்ணி ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாட்டர் கூலர் வைக்கலாமென்று என்னிடம் வந்தார்.

"நீ பி.காம். படிச்சவன்தானே மாப்ளே, கணக்கு வழக்கை நீ பாத்துக்க."

"வைக்கலாம் பாய். அம்மாவுக்கும் வாட்டர் கூலருக்கும் என்ன சம்பந்தம்?"

கோபித்துக்கொள்வாரென்று பார்த்தேன். பேசாமல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது ஞாபகம் வந்தது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1923-ல் அவருடைய தங்கை சுந்தரம் மலக்குடல் புற்றுநோயில் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். அக்காவோ சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர், அப்படியும் காப்பாற்ற முடியவில்லை. அவர் தங்கைக்குச் சிலை வைக்கவில்லை. தங்கைக்குக் கிடைக்காமல் போனது எதுவோ, அதற்கு அலைந்தார். புற்றுநோய்க்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி, வந்தால் சாகத்தானே போகிறார்கள் என்று பெரிய மனிதர்களே கேட்ட காலம். இந்திய மாதர் சங்கம் நிதி திரட்டியது. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறில் 12 படுக்கையோடு ஆஸ்பத்திரி திறந்தபோது முத்துலட்சுமிக்கு வயது 67. தங்கை இறந்து 31 வருஷம். மறு வருஷம் அங்கே வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் காலமாகும்வரை அந்த ஆஸ்பத்திரியே கதி என்று இருந்தார்.

பம்பாயிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1931-ல் மெஹர்பாய் டாட்டா ரத்தப் புற்றுநோயில் இறக்க, கணவர் தோரப்ஜி மறு வருஷமே அந்த நோயின் ஆராய்ச்சிக்காக அவர் பெயரில் ஒரு டிரஸ்ட் வைத்தார். டாட்டா வீட்டுப் பணம், சீக்கிரம் நடந்தது. நம்மைப் போல மாதச் சம்பளக்காரர்களுக்கு அடையாறு கதைதான் பக்கம்.

இதையெல்லாம் சொல்லி, "அம்மாவுக்கு எது கிடைக்கலை பாய்?" என்றேன்.

"பஸ் காசுதான்" என்றார்.

கதிர்வீச்சு சிகிச்சைக்குத் தினமும் மதுரை போகவேண்டும். சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. பஸ்ஸுக்கு ஏது? கூடப் போகிறவருக்கு லீவும் கிடையாது, சம்பளமும் பிடிப்பு. இரண்டாவது வாரம் முடிந்ததும் அம்மா, "எனக்கு இப்ப தேவலைப்பா, நீ வேலைக்குப் போ" என்று சொல்லிவிட்டார். தேவலையாகவில்லை. இந்த நோய்க்கான கதிர்வீச்சை எட்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும், நடுவில் விட்டால் பலன் குறையும் என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு.

என் கணக்கு வேறு. வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம், 25 நாள். இரண்டு பேர், போக வர. ஆக நூறு டிக்கெட். ஒரு வாட்டர் கூலர் விலையில் எத்தனை நூறு டிக்கெட் என்று நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வசூலுக்குக் கிளம்பினோம். ரசீது புத்தகம், இரண்டு பேர் கையெழுத்தில் பேங்க் கணக்கு, எல்லாம் என் பிடிவாதம். செத்தவர் பெயரைச் சொல்லி வாங்கும் காசில் கணக்கு சுத்தமாக இல்லாவிட்டால் அந்தப் பெயரைத்தான் கெடுக்கிறோம். ஓர் ஆபீஸில் மேனேஜர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "80ஜி உண்டா?" என்றார். அது பதிவு பெற்ற அறக்கட்டளைகளுக்குத்தான் ஸார், புது வரிமுறையில் இருந்தால் அங்கே கொடுத்தாலும் கழிவு கிடையாது என்று விளக்கினேன். புரிந்துகொண்டு 51 ரூபாய் கொடுத்தார். கூட்டிப் பெருக்கும் அம்மா எங்களைக் கூப்பிட்டு நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, ரசீது வேண்டாமென்றார். அவர் வீட்டில் யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

போன திங்கட்கிழமை முதல் ஆள் மதுரைக்குப் போனார். பக்கத்துக் கிராமத்துப் பெண், துணைக்கு அவர் மகள். நண்பர் நாலு டிக்கெட்டையும் நோட்டில் ஒட்டி என்னிடம் நீட்டினார். கீழே பென்சிலில் 'வடை - 2' என்று எழுதியிருந்தது. வவுச்சர் இல்லை. பாஸ் பண்ணிவிட்டேன்.