கருவி வந்தது, கற்பிப்பார் யார்?

சலரோகம் என்று எம் முன்னோரும், சீனி வருத்தம் என்று ஊராரும், நீரிழிவு என்று வைத்தியரும் கூறும் நோய் இன்று செல்வர் வீட்டு நோயாக இல்லை. 2018, 2019ஆம் ஆண்டுகளில் இந்நாட்டு மக்களின் சுகாதாரமும் முதுமையும் பற்றி நாடளாவ நடத்தப்பெற்ற ஆய்வு, வளர்ந்தோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 23 பேரை இந்நோய் பற்றியிருப்பதாகக் கண்டது. கந்தோரில் கோப்புப் பார்க்கும் உத்தியோகத்தரையும், விடியலில் வெங்காயத் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் கமக்காரரையும் அது பேதம் பாராட்டாது பிடிக்கின்றது.

நோய் பெருகிய வேகத்திற்கு ஈடாக அதனை அளக்கும் கருவிகளும் பெருகியுள்ளன. ஒரு காலத்தில் சிறுநீரை நீலநிறப் பெனடிக்ற் கரைசலுடன் சேர்த்துக் காய்ச்சி, அது பச்சையாகுமோ செங்கல் நிறமாகுமோ என்று பார்த்திருந்தார்கள். அது சில மணி நேரத்துக்கு முந்திய கதையைச் சொல்லுமேயன்றி அக்கணத்து நிலையைச் சொல்லாது. சீனி குறைந்து ஆபத்து நேர்வதையோ சொல்லவே சொல்லாது. இன்று உள்ளங்கையில் அடங்கும் குளுக்கோமீற்றர் ஒரு துளிக் குருதியைக் கொண்டு சில விநாடிகளில் எண்ணைக் காட்டிவிடுகின்றது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 நோயாளரைப் பல்லாண்டு பின்தொடர்ந்து 1993இல் முடிவு வெளியிட்ட ஆய்வை வைத்தியர் நன்கறிவர். நாளுக்கு நான்கு முறையேனும் விரலிற் குத்திப் பார்த்து, அதற்கேற்ப இன்சுலினைத் திருத்தியோருக்குக் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் கெடுவது பெரிதும் குறைந்தது.

அங்ஙனமாயின் எத்தனையோ வீடுகளில் இக்கருவி அலுமாரிக்குள் உறங்குவதேன்? மக்களின் அறியாமை என்று கூறிக் கைகழுவுவோருடன் நாம் உடன்படோம்.

முதற் காரணம் பணம். கருவியை ஒருமுறை வாங்கினாற் போதும். ஊரார் ஸ்ரிப் என்று கூறும் சோதனைப் பட்டியையோ ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுக்க வேண்டும். ஒரு கம்பெனியின் பட்டி மற்றொரு கம்பெனியின் கருவிக்குப் பொருந்தாது. இன்சுலின் ஏற்றும் ஒருவர் நாளுக்கு இருமுறை பார்ப்பதாயின் ஆண்டுக்கு 730 பட்டி வேண்டும். ஐம்பது கொண்ட குப்பியாயின் பதினைந்து குப்பி. இலவச வைத்தியத்திற்குப் பெயர்போன இந்நாட்டில் இன்சுலினை அரசாங்க வைத்தியசாலை கொடுக்கின்றது. அதை எவ்வளவு ஏற்றுவது என்று காட்டும் பட்டியைப் பெரும்பாலும் நோயாளியே கடையில் வாங்குகின்றார். மருந்தைக் கொடுத்து அளவுகோலை மறுப்பது என்ன சிக்கனம்?

இரண்டாவது காரணம் விளக்கமின்மை. புலம்பெயர்ந்த பிள்ளைகள் அன்போடு அனுப்பும் கருவிகளைப் பாருங்கள். பிரித்தானியாவிலும் கனடாவிலும் குருதிச் சீனியை லீற்றருக்கு இத்தனை மில்லிமோல் என்று அளப்பர். எமது கிளினிக்குகளில் டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்பர். அங்கே 7 என்பது இங்கே 126. லண்டனிலிருந்து வந்த கருவி 15 என்று காட்டினால், வைத்தியர் வாயில் நூற்றுக்கணக்கிலேயே எண்களைக் கேட்டுப் பழகிய தாய், சீனி நன்றாகக் குறைந்துவிட்டதென மகிழக்கூடும். உண்மையில் அது 270! பதினெட்டாற் பெருக்கிப் பாருங்கள் என்ற ஒரு வரியைத் தமிழில் எழுதிப் பெட்டியில் ஒட்ட எவருமில்லை. உள்ளே இருக்கும் விளக்கத்தாளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடியெழுத்தில் இருக்கின்றது. நோயாளிக்குத் தன் நோயைத் தன் தாய்மொழியில் அறியும் உரிமை உண்டென்று நாம் வற்புறுத்துவது வெறும் மொழிப்பற்றினால் அன்று.

கமக்காரருக்கு இதில் தனிச் சங்கடங்கள் உண்டு. மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய விரல்நுனியில் ஊசி இறங்காது. நுனியின் பக்கவாட்டிற் குத்த வேண்டும். மாம்பழம் உரித்த கையைக் கழுவாது குத்தினால், இல்லாத சீனியையும் கருவி காட்டும். மூடாத குப்பியிலுள்ள பட்டி ஈரக்காற்றிற் பழுதாகும். உடைத்த இன்சுலின் ஏறத்தாழ நான்கு வாரம் வெளியில் தாங்குமாயினும் வன்னியின் நண்பகல் வெயிலைத் தாங்காது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் நீர் கசியும் மண்பானை கைகொடுக்கும். இவற்றினும் முக்கியம் ஒன்றுண்டு. காலையில் இன்சுலின் ஏற்றிவிட்டு உச்சிவெயிலில் கொத்திக்கொண்டிருப்பவருக்கு வியர்த்துக் கைநடுங்கித் தலைசுற்றினால், வெயிற் களைப்பென்று நிழலிற் சாய்ந்துவிடுவார். அது சீனி 70க்குக் கீழே இறங்கியதாயிருக்கலாம். உடனே மூன்று தேக்கரண்டி சீனி உட்கொள்ளாவிடின் உயிருக்கே மோசம் வரும். தோட்டத்துக்குப் போகும்போது மடியில் ஒரு சீனிப்பொட்டலம் இருக்கட்டும்.

மூன்றாவது காரணத்தை வைத்திய உலகம் பொறுமையுடன் கேட்க வேண்டும். நோயாளி கொப்பியில் எண்களை வரிசையாக எழுதி வருகின்றார். சனம் நிரம்பிய கிளினிக்கில் அக்கொப்பியைத் திறந்து பார்க்க வைத்தியருக்கு நேரமில்லை. இரண்டு முறை திறக்கப்படாத கொப்பியை மூன்றாம் முறை அவர் கொண்டுவரமாட்டார். வீட்டில் விரலிற் குத்துவதையும் விட்டுவிடுவார். எவரும் பார்க்காத எண்ணுக்காக எவர்தான் நோவைப் பொறுப்பர்? நீரிழிவு பற்றிக் கற்பிக்கவெனப் பயிற்றப்பட்ட தாதியர் இந்நாட்டில் உளர். அவர்களை ஏனைய வேலைகளுக்கு இழுக்காது கொப்பிகளின் முன் அமர்த்தினால் இக்குறை பாதி தீரும்.

கையில் ஒட்டிக்கொண்டு இரவும் பகலும் அளந்து கைத்தொலைபேசிக்கு எண்ணை அனுப்பும் உணரிகளும் வந்துவிட்டன. பிரித்தானியாவில், இன்சுலின் அறவே சுரக்காத முதலாம் வகை நோயுள்ள வளர்ந்தோர் யாவருக்கும் அவற்றை வழங்கவேண்டுமென 2022 மார்ச்சில் பரிந்துரைக்கப்பட்டது. அதே ஆண்டில் இங்கே நாம் சாதாரண மருந்துக்கே வரிசையில் நின்றோம். ஆதலால் எல்லோருக்கும் உணரி வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. மாத்திரை மட்டும் எடுப்போர் பலருக்கு அன்றாடம் விரலிற் குத்தும் தேவையே இல்லை. இன்சுலின் ஏற்றுவோருக்கும் நீரிழிவுள்ள கர்ப்பிணிகளுக்கும் முதலிற் பட்டி வேண்டும். அதன்பின், இரவில் சீனி இறங்குவதைச் சொல்லத் தெரியாத சிறு குழந்தைகளுக்கு உணரி வேண்டும்.

சுகாதார அமைச்சிடம் நாம் கேட்பது இதுவே: இன்சுலின் கொடுக்கும் கிளினிக்கிலேயே அதற்குரிய பட்டியும் மாதந்தோறும் கொடுக்கப்பட வேண்டும், எல்லாக் கிளினிக்குகளுக்கும் ஒரே வகைக் கருவி தெரிவு செய்யப்பட வேண்டும், விளக்கத்தாள் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் அச்சிடப்பட வேண்டும். வெளிநாட்டிலுள்ள எம்மவர் கருவி அனுப்புமுன், ஊர்க் கிளினிக்கில் எந்த வகை, எந்த அளவுமுறை என்று விசாரித்து, ஓராண்டுப் பட்டிக்கும் சேர்த்துப் பணம் அனுப்புவார்களாக. படித்த எம் வாசகர் ஒவ்வொருவரும் இவ்வாரம் அயலில் உள்ள ஒரு வீட்டு அலுமாரியைத் திறப்பித்து, அங்குள்ள கருவியின் மின்கலத்தையும் பட்டியின் காலாவதித் திகதியையும் பார்த்து, கருவி காட்டும் எண்ணின் பொருளை அவ்வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுகிறோம்.