சாட்சி இல்லாத காகிதம்

சேமநிதிக்கு வாரிசு குறிக்கும் நமூனாவின் அடியில் இரண்டு சாட்சிகளின் கையொப்பத்திற்கு இடம் விட்டிருப்பார்கள். அதை நிரப்பாமல் நீட்டுகிறவர்களைத் திருப்பியனுப்புவதால், காரியாலயத்தில் எனக்குக் கடுமைக்காரன் என்று பெயர். அதனாலேயே போலும், அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் நகரசபை நடத்தும் சித்திரசாலையின் வரலாற்றைப் படித்தபோது, அது என் மனத்தை விட்டு அகல மறுத்தது.

அச்சாலையை 1908-ல் ஒரு வாடகை வீட்டில் தோற்றுவித்தவர் ஹியூ லேன். சித்திரங்களை வாங்கி விற்றுப் பொருளீட்டியவர். ரென்வார், மானே முதலிய பிரெஞ்சு ஓவியர்கள் தீட்டியவை உட்பட 39 படங்களை டப்ளினுக்கே தர முன்வந்தார். நகரசபை நிலையான கட்டிடம் எழுப்ப வேண்டுமென்பதே அவர் நிபந்தனை. புதுடில்லியை வகுத்த லட்யன்ஸ், லிபி நதியின்மீது பாலம்போல ஒரு சித்திரசாலைக்குத் திட்டம் வரைந்து கொடுத்தார். 1913-ல் நகரசபை அதனை ஏற்க மறுத்தது. மனங்கசந்த லேன், படங்களை லண்டனுக்கு அனுப்பி, உயிலையும் லண்டன் தேசிய சித்திரசாலையின் பேருக்கே எழுதிவிட்டார்.

கசப்பு நீடிக்கவில்லை. 1915 பிப்ரவரியில், படங்கள் டப்ளினுக்கே சேரவேண்டுமென்று உயிலுக்கு ஒரு பிற்சேர்க்கையைத் தம் கையாலேயே எழுதிக் கையொப்பமிட்டு, மேசைக்குள் வைத்துப் பூட்டினார். சாட்சிதான் இல்லை. அவ்வாண்டு மே 7-ஆம் நாள், அமெரிக்காவிலிருந்து அவர் திரும்பிய 'லுஸிட்டானியா' கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி தகர்த்தது. லேன் கடலோடு போனார்.

அவருடைய சிற்றன்னை கிரிகரி சீமாட்டி, 1932-ல் தாம் இறக்கும்வரை அப்படங்களுக்காக வாதாடினார். 1924-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் அமைத்த குழுவோ, லேனின் கருத்து அதுவே என்று ஒப்புக்கொண்டும் படங்களைத் தரச் சம்மதிக்கவில்லை. எழுதியவன் கையெழுத்தில் எவருக்கும் ஐயமில்லை. அருகில் இருவர் நின்றிலர் என்பதே குறை!

1933-ல் சித்திரசாலை, சார்லமண்ட் பிரபு பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிய மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. அதற்குமுன் அம்மாளிகை நெடுங்காலம் பிறப்பு இறப்புப் பதிவுக் காரியாலயமாக இருந்ததாம். நம்மைப்போன்ற குமாஸ்தாக்கள் குனிந்து எழுதிய கூடங்களில் சித்திரங்கள் ஏறின. ஓர் அறையை மட்டும், வராத 39 படங்களுக்காக வெறுமையாகவே விட்டுவைத்தார்கள். 1959-ல்தான் இரு நகரங்களும் படங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள இசைந்தன. 1993-ல் அவற்றுள் 31 டப்ளினில் தங்க ஏற்பாடாயிற்று.

இதைப் படித்த மறுநாள், என் சொந்த நமூனாவைத் தேடியெடுத்தேன். மணமாகுமுன் எழுதியது. வாரிசு என்ற இடத்தில் தாயார் பெயர் இருக்கிறது. அவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆயின. மனைவியின் பெயரோ, குழந்தையின் பெயரோ எங்கும் இல்லை. ஊரிலென்றால் திண்ணையில் அமர்ந்திருக்கும் இருவரைக் கூப்பிட்டால் போதும். இங்கே எதிர்வீட்டுக்காரர் பெயரே எனக்குத் தெரியாது. அன்று மாலை, புது நமூனாவைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் கதவைத் தட்டினேன்.