கித்தாவும் கித்தாரும்

இந்நாட்டுத் தமிழருக்குக் கித்தா என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. நம் பாட்டனும் தந்தையும் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, முதுகு வளைந்தது அந்த மரத்தடியிலேதான். ஆனால் அக்கித்தாவோடு ஓரெழுத்தைக் கூட்டிக் ‘கித்தார்’ என்று சொல்லிப் பாருங்கள். நம்மவர் பலர் முகம் சுளிப்பர். “அது வெள்ளைக்காரன் வாத்தியம், நமக்கெதற்கு?” என்பர். கித்தா மட்டும் யாருடைய மரம்? பிரேசிலில் விளைந்த வித்து, லண்டன் வழியாக, 1877-இல் சிங்கப்பூருக்குக் கன்றாக வந்தது. அதன் அடியில் உழைத்தபோது எவரும் அதனை அந்நியம் என்று நமக்கு நினைவூட்டவில்லை. இன்பந்தரும் கருவியைத் தொட்டதும் அந்நியம் நினைவுக்கு வந்துவிடுகிறது!

பினாங்குத் தீவின் தென்கிழக்கிலுள்ள பாயான் லெப்பாஸில் 1972 முதல் பெருந்தொழிற்பேட்டை எழுந்தது. தோட்டத்தை விட்டு வந்தோரின் மக்களும் அங்கே மின்னணு ஆலைகளில் இரவும் பகலும் மாறிமாறி வேலை செய்கின்றனர். அவ்வூர் அடுக்குமாடி வீடொன்றில், ஆலைத் தொழிலாளியான இளைஞர் ஒருவர் நைலான் நரம்புக் கித்தார் பயில்கிறார். கம்பியை மொத்தமாக அடித்துத் தாளம் போடும் வகை அன்று அது. வலக்கைப் பெருவிரல் கீழ்ச்சுரத்தை இசைக்க, மற்ற விரல்கள் மேலே பாட்டை இசைக்கும். ஒருவரே இருவராய்ப் பாடுவது போன்ற கலை. ஞாயிறு மாலைகளில் அண்டை வீட்டுப் பிள்ளைகள் நால்வருக்கு அதனைக் கூலியின்றிக் கற்றுத் தருகிறார்.

நான் அங்குச் சென்றிருந்தபோது பெரியவர் ஒருவர் கேட்டார்: “தம்பி, இதனால் சம்பளம் கூடுமா? ஓவர்டைம் பார்த்தாலாவது நாலு காசு வருமே!” இளைஞர் சொன்னார்: “கூடாது ஐயா. பன்னிரண்டு மணி நேரம் இயந்திரத்துக்காக ஆடிய விரல், அரை மணி நேரம் எனக்காக ஆடுகிறது. அவ்வளவுதான்.”

தோழர்களே! இவ்விடைக்கு மேல் வேறு நியாயம் வேண்டுமோ? காசு தராத செயலெல்லாம் வீண் என்று நமக்குக் கற்பித்தவர் யார்? தொழிலாளியின் ஓய்வையும் உழைப்பாக மாற்றினால் ஆதாயம் பெறுவோரே! பெரட்டுக்கு மணியடித்தவர் போய்விட்டார். அந்த மணியை நாமே நம் வீட்டில் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

இனி, அந்நியம் என்னும் வாதத்தைப் பார்ப்போம். கச்சேரி மேடையில் பாடகர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பிடில் எந்நாட்டுப் பொருள்? ஏறத்தாழ 200 ஆண்டுகட்கு முன், முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர், ஐரோப்பியரிடம் பயின்று நம் இசைக்குக் கொணர்ந்த கருவியன்றோ? தீட்சிதர் தொட்டால் நம்முடையதாகிவிடும் வாத்தியம், தோட்டத்துப் பிள்ளை தொட்டால் மட்டும் அந்நியமாகிவிடுமோ? பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசை பயின்று, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கித்தார்த் தேர்விலும் சிறப்புறத் தேறினார். அவர் பாட்டைக் கேட்டுக் கண்கலங்குவோம். அவர் விரல் பழகிய கருவியை மட்டும் பழிப்போம்! ஸ்பெயினிலும் கித்தாரை ஒருகாலத்தில் சாராயக்கடை வாத்தியம் என்று இகழ்ந்தனர். பெரும்பாலும் தாமே பயின்ற ஆந்திரே செகோவியா (1893–1987) அதனை உலகப் பேரரங்குகளில் ஏற்றினார்.

இவ்விரு வாதத்தினும் கொடியது மூன்றாவது. அது கருவியை இகழ்வோரிடம் இல்லை, கற்றவரிடமே உளது. எனக்கு முதற்பாடம் சொன்ன ஆசிரியர் ஒருவர், பாடத்தாளை ஒரு மணி நேரம் காட்டி, மீண்டும் பெட்டியில் பூட்டிவிடுவார். “வேறெவருக்கும் காட்டாதே” என்று ஆணையும் இடுவார். அத்தாளில் இருந்தது பெர்னாண்டோ சோர் இயற்றிய பயிற்சிப் பாடம். சோர் இறந்தது 1839-இல்! இருபத்தைந்து பயிற்சிகள் இயற்றிய கார்காஸி மறைந்தது 1853-இல். தாரேகா மறைந்தது 1909-இல். இவர்கள் எழுதிவைத்த மூல இசைக்குக் காப்புரிமை எப்போதோ தீர்ந்தது. அது மழைநீர் போல் எல்லோருக்கும் உரியது. அதற்குப் பூட்டுப் போடும் உரிமை யாருக்கு உண்டு? ஆசிரியர் தம் உழைப்புக்கு ஊதியம் பெறட்டும், அது நேர்மை. ஊருணிக்கு வேலி கட்டுவது நேர்மையன்று. இன்னார் படிக்கலாம், இன்னார் படிக்கலாகாது என்ற பழைய வேலியால் நாம் பட்ட துயரம் போதாதா?

பூட்டாவிடினும், கைமாறாத கலை அழியும். நம் யாழுக்கு நேர்ந்ததை எண்ணுங்கள். சிலப்பதிகாரத்தில் மாதவி கையில் பேசிய கருவி, மீட்டும் கைகள் தொடராமையால் ஏட்டுச் சொல்லாகச் சுருங்கிற்று. அதன் இலக்கணத்தை மீட்க விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து, 1947-இல் ‘யாழ் நூல்’ தந்தார். நூல் கிடைத்தது; ஊர்தோறும் அதனை மீட்டும் விரல்கள் கிடைக்கவில்லை.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. நால்வர் சேர்ந்து ஒரு கித்தார் வாங்குங்கள். நாளுக்கு அரைமணி பயிலுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு வேண்டாம். ஒரு பாடம் கற்றவர், இரண்டாம் பாடத்துக்குப் போகுமுன், முதற்பாடத்தை மற்றொருவருக்குச் சொல்லித் தரட்டும். மரம் காயப்படாமல் பட்டையை மட்டும் மெல்லிதாகச் சீவிய கைகளின் வழிவந்தவர் நாம். நம் விரலுக்கு நுட்பம் புதிதன்று. அந்த நுட்பத்தின் பயனைப் பிறரே உண்டு வந்தனர். இனி நாமும் உண்போம். அண்டை வீட்டாருக்கும் பகிர்ந்து கொடுப்போம்.