முழங்கையில் ஒரு வீக்கம்



"பிள்ளை, முழங்கை முனையில முட்டை போல வீங்கி நிக்குது. கொஞ்ச நாள் வத்தும், பிறகு திரும்பவும் வரும். புற்றுநோயோ எண்டு பயமாக் கிடக்கு." வீடுகளுக்குச் செல்லும்போது இப்படிச் சொல்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன்.

முழங்கை எலும்பின் முனைக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிய பை ஒன்று உள்ளது. தோல் எலும்பின் மேல் இலகுவாக வழுக்குவதற்கு அது உதவுகிறது. வழமையில் அதனுள் சொற்ப நீரே இருக்கும். அடிபட்டால், அல்லது அந்த இடம் நாளாந்தம் அழுத்தப்பட்டால், பை அழற்சியடைந்து நீர் சேரும். வைத்தியர்கள் இதனை 'பர்சைற்றிஸ்' என்பார்கள். இது புற்றுநோய் அல்ல. யூரிக் அமில வாதம், மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும் இது வருவதுண்டு. ஆயினும் எந்த வீக்கத்தையும் ஒரு தடவை வைத்தியரிடம் காட்டி உறுதி செய்வதே நல்லது.

வடமராட்சி கிழக்கில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா 2009 இல் ஷெல் வீச்சில் ஒரு காலை இழந்தவர். பனையோலைப் பொருட்கள் பின்னி மகளைப் படிப்பிக்கிறார். நிலத்தில் இருந்து வேலை செய்வார். எழும்பும்போதெல்லாம் முழங்கையை நிலத்தில் ஊன்றித்தான் எழும்புவார். "இப்ப எனக்கு முழங்கைதான் கால்" என்றார். இரண்டு தரம் ஊசியால் நீர் எடுத்தும் வீக்கம் திரும்பிவிட்டது. மீண்டும் ஊசியா, சத்திரசிகிச்சையா என்பதே அவருடைய கேள்வி.

எமக்குள்ள வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது, அழுத்தத்தை நீக்குதல். சும்மாடு போலத் துணியை வளையமாகச் சுற்றி, முனை நடுவில் வரும்படி முழங்கையில் கட்டினால் எலும்பு நிலத்தில் படாது. விரல் விறைக்கும் அளவுக்கு இறுக்கக் கூடாது. துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். பலருக்குச் சில வாரங்களில் இதுவே போதும். நோவில்லாத, வேலைக்கு இடைஞ்சல் தராத வீக்கத்தை வைத்தியரிடம் காட்டியபின் அப்படியே விட்டுவிடலாம்.

இரண்டாவது, மாத்திரை. இபுபுரூபன், டைக்ளோபெனக் போன்றவை அழற்சியைக் குறைக்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரக நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாமாக வாங்கிக் குடிக்கக் கூடாது.

மூன்றாவது, ஊசியால் நீர் எடுத்தல். பாரம் குறையும், கிருமி உள்ளதா என்றும் அந்த நீரில் பரிசோதிக்கலாம். ஆனால் ஊன்றுவது தொடர்ந்தால் நீர் திரும்பச் சேரும். ஒவ்வொரு குத்தும் கிருமிக்கு ஒரு வாசல். சிலருக்கு ஸ்டீரொயிட் ஊசியும் போடுவார்கள். அது தோலை மெலியச் செய்யலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சீனியைக் கூட்டும்.

கடைசி வழியே சத்திரசிகிச்சை. அந்த இடத்துத் தோல் மெல்லியது. காயம் ஆறத் தாமதிக்கலாம். சில வாரம் கைக்கு ஓய்வு தேவை. அதுவரை தண்ணீர் அள்ளுவது யார், சமைப்பது யார் என்பதை முன்கூட்டியே ஒழுங்கு செய்ய வேண்டும்.

வீக்கம் சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் கிருமி பிடித்துவிட்டது என்று எண்ணி அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். எண்ணெய் போட்டு உருவவோ, வீட்டில் ஊசியால் குத்தவோ வேண்டாம். கையை நீட்டி மடக்க முடியாவிட்டால் எலும்பையும் மூட்டையும் பார்க்க வேண்டும். உடம்பில் ஷெல் துண்டு உள்ளவர்கள் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அந்த அக்காவுடன் பேசியபோதுதான் செயற்கைக்கால் உரசுவதால் அதை வீட்டில் கழற்றி வைத்திருப்பது தெரிந்தது. ஆக, முழங்கை நோவின் வேர் காலில் இருந்தது. துண்டித்த காலின் அளவு காலப்போக்கில் மாறும். அதற்கேற்பச் செயற்கைக்காலையும் மாற்ற வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் 1987 முதல் இந்தப் பணியைச் செய்துவருகிறது. அக்கா காலைத் திருத்திக்கொண்டார். நிலத்தை விட்டு உயரமான பலகையில் இருந்து பின்னுகிறார். எழும்பப் பிடிப்பதற்குத் தூணில் ஒரு கயிறு கட்டியிருக்கிறார். வீக்கம் முற்றாகப் போகவில்லை. ஆனால் சுருங்கிவிட்டது, நோவும் இல்லை. சத்திரசிகிச்சையை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறார்.

"ஓய்வு எடுங்கள்" என்று சொல்வது சுலபம். தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணுக்கு ஓய்வு என்றால் அன்றைய உலை இல்லை. ஆகவே வேலையை விட முடியாவிட்டாலும், வேலை செய்யும் விதத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். கிளினிக்கில், "இந்தச் சிகிச்சை எனக்கு ஏன்? செய்யாவிட்டால் என்னவாகும்? எத்தனை நாள் வேலை செய்ய முடியாது?" என்று கேளுங்கள். நீங்கள் நாளாந்தம் செய்யும் வேலையையும் விபரமாகச் சொல்லுங்கள். நோவைப் பொறுப்பதே பெண்ணுக்கு அழகு என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆனால் குடும்பத்துக்கே சோறு போடும் கை அது. அதைக் காப்பது சுயநலம் அல்ல, சகோதரிகளே.