படத்தொகுப்பு மேசையில் யார்?

விளிம்புநிலை மக்களுக்குக் குரல் இல்லை, கேமராவோடு வரும் நல்ல மனம் படைத்த இயக்குநர்தான் அவர்களுக்குக் குரல் கொடுக்கிறார் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தொண்டு நிறுவனங்களின் ஆவணப்படங்களைப் பாராட்டும் திரையிடல் மேடைகளிலும், விழா மலர்களிலும், நிதி கேட்டு எழுதப்படும் விண்ணப்பங்களிலும் யாரும் கேள்வி கேட்காத உண்மையாக இது உலவுகிறது. இந்த நம்பிக்கை தவறானது, தீங்கானதும்கூட. அந்த மக்கள் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். சங்கம் கட்டுகிறார்கள், மனு கொடுக்கிறார்கள், சாலையில் அமர்கிறார்கள். எடுத்த காட்சியில் எது நிற்கும், எது வெட்டுப்படும், படம் எங்கே யாருக்குக் காட்டப்படும் என்று முடிவு செய்யும் உரிமைதான் அவர்களிடம் இல்லை. அந்த உரிமையைத் தராமல் குரலை மட்டும் தருவதாகச் சொல்லும் படம், அவர்கள் ஏற்கெனவே பேசியதையும் சேர்த்து அழித்துவிடுகிறது.

கொல்கத்தாவின் சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளர்களின் பிள்ளைகளைப் பற்றி 2004இல் வெளிவந்த ‘பார்ன் இன்டு பிராத்தல்ஸ்’ படத்தை எடுத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு அது ஆஸ்கர் வென்றது. பிள்ளைகளுக்குக் கேமரா கொடுத்துக் கற்பித்த படைப்பாளியின் அக்கறை உண்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த வெளியூர்க்காரருக்கு, சோனாகாச்சியின் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளுக்காக ஒரு துரும்பையும் அசைக்காதவர்கள் என்றே தோன்றும். அதே தெருக்களில் பாலியல் தொழிலாளர்களே நடத்தும் ‘துர்பார்’ அமைப்பு 1995 முதல் இயங்கிவந்தது. வட்டிக்காரர்களிடமிருந்து விடுபடத் தங்களுக்கென ‘உஷா’ கூட்டுறவுச் சங்கத்தையும் அவர்கள் நிறுவியிருந்தார்கள். பல்லாயிரம் பெண்கள் சேர்ந்து எழுப்பிய அந்தக் குரலுக்குப் படத்தில் இடமில்லை. துர்பார் கண்டனம் தெரிவித்தபோது பரிசுக் கொண்டாட்டத்தின் ஆரவாரத்தில் அது பெரிதாகக் கேட்கப்படவும் இல்லை.

2012 மார்ச்சில் அமெரிக்கத் தொண்டு அமைப்பு ஒன்று வெளியிட்ட ‘கோனி 2012’ சில நாட்களிலேயே இணையத்தில் 10 கோடிப் பார்வைகளைத் தொட்டது. வடக்கு உகாண்டாவில் கிளர்ச்சித் தலைவர் கோனியின் படையால் பாதிக்கப்பட்டவர்களுக்காகவே எடுக்கப்பட்ட படம் அது. அதே மாதம் லிரா நகரில், அந்த மக்களுக்கே அது திரையிடப்பட்டது. தாங்கள் பட்ட பாட்டைத் திரையில் காண வந்தவர்கள், ஓர் அமெரிக்க இயக்குநரையும் அவருடைய சின்னஞ்சிறு மகனையும் கண்டார்கள். கூட்டம் கொதித்தது, கற்கள் பறந்தன. மேற்கொண்டு நடக்கவிருந்த திரையிடல்கள் நிறுத்தப்பட்டன.

இது வெளிநாட்டவரின் கோளாறு மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் ‘கபர் லஹரியா’ செய்தி நிறுவனம் 2002இல் உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூடத்தில் தொடங்கப்பட்டது. அவர்களைப் பற்றி இந்திய இயக்குநர்கள் பரிவோடு எடுத்த ‘ரைட்டிங் வித் ஃபயர்’ 2022இல் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. அப்போது அந்த நிறுவனமே ஓர் அறிக்கை வெளியிட்டது. படத்தின் வலிமையை அது ஒப்புக்கொண்டது. ஆனால் ஒரே கட்சியைச் சுற்றியே தங்கள் செய்திப் பணி நடப்பதாகக் காட்டுவது சரியல்ல என்றது. அன்றாடம் செய்தி வெளியிடுகிறவர்களையே படத்தொகுப்பு இப்படிச் சுருக்கிவிடும் என்றால், அறிக்கை வெளியிடும் வழியில்லாதவர்களின் கதி என்ன?

நல்லவர்கள் கையிலும் இது நடப்பதற்குக் காரணம் பணம் வரும் பாதை. நிதி தருபவர், தம் உதவியால் நிரம்பக்கூடிய ஒரு வெற்றிடத்தைக் கதையில் எதிர்பார்க்கிறார். தாமே அமைப்பாகத் திரண்ட மக்களைக் காட்டினால் அந்த வெற்றிடம் மறைந்துவிடும். ஆகவே சங்கம் வெட்டுப்படுகிறது, கண்ணீர் மிஞ்சுகிறது.

மாற்று வழி புதிதல்ல. கனடாவின் ஃபோகோ தீவு மீனவர்களை அரசு இடம்பெயர்க்க நினைத்திருந்த வேளையில், 1967இல் தேசியத் திரைப்பட வாரியத்தின் காலின் லோ அங்கே 20க்கும் மேற்பட்ட சிறு படங்களை எடுத்தார். பேசியவர் தம் காட்சியை முதலில் பார்ப்பார். வேண்டாம் என்றால் அது நீக்கப்படும். பிறகு படங்கள் தீவின் ஊர்களில் காட்டப்பட்டன. ஒன்றோடொன்று பழகாத ஊர்கள் தங்கள் குறை ஒன்றே என்று கண்டன. ஆட்சியாளர்களுக்கும் அவை போட்டுக் காட்டப்பட்டன. ஓர் அமைச்சரின் பதிலைப் பதிவுசெய்து தீவுக்கே கொண்டுவந்தார்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது, தீவும் காலியாகவில்லை. இதற்குப் படம் மட்டுமே காரணமென்று சொல்வது மிகை. உள்ளூர் முன்னேற்றக் குழு முன்பே உழைத்துக்கொண்டிருந்தது. அந்த உழைப்பை மறைக்காமல் அதற்குக் கருவியாக நின்றதே படத்தின் பெருமை.

கேமராவைச் சாமானியரிடம் கொடுத்தால் கலைத்தரம் கெடும் என்பார்கள். இன்றைய தெலங்கானாவின் ஜஹீராபாத் வட்டாரத்தில், தக்காண வளர்ச்சிக் கழகத்தின் தலித் உழவர் பெண்கள், பலரும் எழுத்தறியாதவர்கள், கேமரா பிடிக்கக் கற்று வாரங்கல் பருத்தி வயல்களுக்குப் போனார்கள். மரபணு மாற்றப்பட்ட விதையை நம்பி நட்டமடைந்த விவசாயிகளைப் பருவம் பருவமாகப் பின்தொடர்ந்து படமாக்கினார்கள். மேலிருந்து கீழ்நோக்கி எடுப்பதை நிலக்கிழாரின் கோணமாகவும், கண்மட்டத்தில் எடுப்பதைச் சங்கத்தின் கோணமாகவும் அவர்கள் வகுத்துக்கொண்டார்கள். திரைப்படக் கல்லூரிகள் பாடமாக வைக்கவேண்டிய தெளிவு இது. கனடாவின் இனுயிட் மக்கள் தங்கள் மொழியில் எடுத்த ‘அட்டானர்ஜுவாட்’ 2001இல் கான் விழாவில் கேமரா தோர் விருதையே வென்றது.

இன்னொரு மறுப்பு வலுவானது. மக்களிடம் ஒப்புதல் உரிமை போனால், ஊர்ப் பெரிய மனிதர்கள் தமக்கு ஒவ்வாததை வெட்டிவிட மாட்டார்களா? பெண்ணின் புகாரும் உட்சாதிக் கொடுமையும் வெளிவருமா? இந்த அச்சம் நியாயமானது. ஆனால் ஃபோகோவில் உரிமை பெற்றவர்கள் பேசிய தனி மனிதர்கள்தாம், ஊர்த்தலைவர்கள் அல்லர். தம்மைப் பற்றிய காட்சியை ஒரு பெண் காக்கலாம், அடுத்தவர் புகாரை அழிக்க முடியாது. அதிகாரத்தில் இருப்பவருக்கு இந்தச் சலுகை ஒருபோதும் கூடாது. திவ்யபாரதி 2017இல் எடுத்த ‘கக்கூஸ்’ மலம் அள்ளும் தொழிலாளர்களின் சாவுகளுக்கு அரசைப் பொறுப்பாக்கியது. காவல்துறை பல இடங்களில் திரையிட அனுமதி மறுத்தது, இயக்குநர்மீது வழக்கும் போட்டது. அத்தகைய படத்துக்கு அதிகாரியின் ஒப்புதலைக் கேட்பது அபத்தம். வெளியிலிருந்து வரும் இயக்குநர் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே என் கேள்வி.

ஆகவே திரைப்பட இயக்கங்களை நடத்தும் நண்பர்களுக்கும் படங்களுக்குப் பணம் தருவோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த படத்துக்கு அரங்கு பிடிக்கும் முன், காசோலையில் கையெழுத்திடும் முன், இயக்குநரிடம் கேளுங்கள்: இறுதி வடிவத்தை அந்த மக்கள் பார்த்தார்களா? அவர்கள் சொன்னதைக் கேட்டு எதை மாற்றினீர்கள்? எடுத்த காட்சிகளின் நகல் அவர்களிடம் இருக்கிறதா? பதில் இல்லையென்றால், படம் முதலில் அந்த ஊருக்குப் போகட்டும். நம் அரங்குக்குப் பிறகு வரட்டும்.