பறிக்கப்படும் அனுமதிப்பத்திரம்

சாரதி அனுமதிப்பத்திரம் அரசு வழங்கும் சலுகையேயன்றிக் குடிமகனின் உரிமையன்று; எனவே வழங்கிய அரசே அதனை மீளப் பெறுவதிலே தவறில்லை என்பர் சிலர். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே நெடுங்காலமாக ஒலித்துவரும் வாதம் இது. அனுமதிப்பத்திரம் யாரிடமிருந்து, எக்காரணத்திற்காகப் பறிக்கப்படுகின்றது என வினவிய மாத்திரத்தே இவ்வாதம் ஆட்டங்காணத் தொடங்குகின்றது.

அந்நாட்டின் பல ஊர்களிலே பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. அங்கு வாகனம் செலுத்த முடியாதவன் வேலைக்குச் செல்ல முடியாதவனாகின்றான். இவ்வுண்மையை அமெரிக்க உயர் நீதிமன்றம் 1971 இலேயே ஏற்றுக்கொண்டது. காப்புறுதியற்ற சாரதியொருவர் விபத்தில் சம்பந்தப்பட்டு, கோரப்பட்ட நட்டஈட்டுக்குப் பிணை கட்டாவிடின், தவறு எவருடையது என ஆராயாமலே அவரது அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்த ஜோர்ஜியா மாநிலச் சட்டம் இடமளித்தது. பெல் எதிர் பேர்சன் என்ற வழக்கிலே நீதிமன்றம் இதனை நிராகரித்தது. சீவனோபாயத்திற்கு இன்றியமையாத ஒன்றை முறையான விசாரணையின்றிப் பறித்தலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

ஒரு மாநிலத்தில் அனுமதிப்பத்திரத்தை இழந்தவன் எல்லை கடந்து மறு மாநிலத்தில் புதிதாக ஒன்றைப் பெறுவதைத் தடுத்தல் அவசியமே. 1960 இல் தேசிய சாரதிகள் பதிவேடு உருவானதும், மாநிலங்கள் தம்முள் உடன்படிக்கை செய்துகொண்டதும் இதற்காகவே. குடிபோதையில் வண்டி செலுத்துபவனுக்கு எல்லைக்கோடு புகலிடமாகக் கூடாது. இதனை மறுப்பார் எவருமில்லை.

ஆனால், பாதுகாப்பின் பெயரால் அமைந்த இப்பொறி காலப்போக்கிலே கடன் வசூலிக்கும் கருவியாயிற்று. 1977 ஆம் ஆண்டின் உடன்படிக்கை, பிற மாநிலத்திலே விதிக்கப்பட்ட தண்டத்திற்குப் பதிலளிக்காதவரின் அனுமதிப்பத்திரத்தைச் சொந்த மாநிலமே இடைநிறுத்த வழிசெய்தது. 1996 ஆம் ஆண்டின் மத்திய சட்டம் பிள்ளைப் பராமரிப்புப் பணத்தைச் செலுத்தத் தவறியோரையும் இவ்வலைக்குள் கொணர்ந்தது. பிள்ளைக்குரிய பணம் கொடுக்கப்பட வேண்டியதே. ஆயின், உழைக்கும் வழியை அடைத்துவிட்டு உழைப்பின் பயனைக் கேட்பது எந்த நியாயம்? பணமில்லாதவன் அனுமதிப்பத்திரத்தை இழக்கின்றான்; வயிற்றுப்பாட்டிற்காக அதுவின்றியே வண்டி செலுத்துகின்றான்; அகப்பட்டதும் தண்டம் மேலும் பெருகுகின்றது. வசதி படைத்தவனோ காசோலையொன்றில் ஒப்பமிட்டு வெளியேறுகின்றான்.

ஏழையைத் துரத்துவதில் இத்துணை விழிப்புள்ள நிர்வாகம், உண்மையான ஆபத்தைக் கண்டபோது என்ன செய்தது? 2019 யூன் மாதத்திலே நியூ ஹம்ஷயர் மாநிலத்தின் ரண்டொல்ஃப் என்னுமிடத்தில் லொறியொன்றுடன் மோதி மோட்டார் சைக்கிளில் சென்ற எழுவர் மாண்டனர். அதன் சாரதி போதையில் வண்டி செலுத்தியதாகக் கைதுசெய்யப்பட்டமை பற்றிக் கனெற்றிக்கட் மாநிலம் ஏற்கெனவே மசசூசெற்ஸுக்கு அறிவித்திருந்தது. அவ்வறிவித்தல் நடவடிக்கையின்றிக் கிடந்தது. இவ்வாறே வெளிமாநில அறிவித்தல்கள் ஆயிரக்கணக்கிலே தேங்கிக் கிடந்தமை பின்னர் வெளியாயிற்று. பதிவகத்தின் தலைவர் பதவி துறந்தார். 2022 இல் யூரர்கள் அச்சாரதியைக் குற்றவாளியல்லர் எனத் தீர்த்தனர். எனினும், அத்தீர்ப்பு பதிவகத்தின் அசட்டையை மன்னிப்பதாகாது.

அச்சுறுத்தலின்றேல் எவர்தாம் தண்டம் செலுத்துவர் என்பது எதிர்த்தரப்பாரின் இறுதி அஸ்திரம். உள்ளவனிடம் அறவிடச் சட்டத்தில் வேறு வழிகள் உண்டு. இல்லாதவனிடம் எவ்வச்சுறுத்தலும் காசை விளைவிக்காது. தண்டம் கட்டாமைக்காக அனுமதிப்பத்திரத்தைப் பறிக்கும் வழக்கத்தைக் கலிபோர்னியா 2017 இலும் வேர்ஜீனியா 2020 இலும் கைவிட்டன.

வீதியில் உயிருக்கு ஆபத்து விளைவிப்பவனின் அனுமதிப்பத்திரம் பறிக்கப்படட்டும். அத்தடை எல்லா மாநிலங்களிலும் அவனைத் தொடரட்டும். வறுமை வீதிக் குற்றமன்று. அதனைக் குற்றமாக்கி, மாநிலம் மாநிலமாகத் துரத்தும் சட்டம் பாதுகாப்புச் சட்டமன்று. உடையவர் இல்லாதவர்மீது செலுத்தும் ஆதிக்கத்தின் மறுபெயரே அது.